பிரிக்காத கவருக்கு வெள்ளிப் பதக்கம்

ஏனுங்க, சித்த அக்கட்ட நகந்து உக்காருங்க. இந்தப் பெட்டி மடியில நேரா நிக்கோணும், சாய்ச்சா உள்ள இருக்கறது வளைஞ்சுரும். இல்லீங்க, பலகாரம் இல்லைங்க. அந்த வாசம் முன்சீட்டுல இருந்து வருது. இதுக்குள்ள இருக்கறது ஒரே ஒரு தபால் கவரு. ஒத்தைக் கவருக்கு இத்தாம் பெரிய பெட்டியான்னு பாக்கறீங்க. கண்டக்டரும் அப்படித்தான் பாத்தாரு, மேல போடுங்கன்னாரு. மேல போட்டா எவனாச்சும் வெங்காய மூட்டையத் தூக்கி அது மேல வெச்சுருவான். அப்புறம் என்ற கேஸு போச்சு.

கேஸுன்னா கோர்ட்டுக் கேஸு இல்லீங்க. கல்யாணக் கேஸு. தாராபுரத்துல நாளைக்குக் காலையில என்ற தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். நான் சீரு வெக்காம பொண்ணு மேடை ஏறாது. டிக்கெட் தாராபுரத்துக்குத்தான் எடுத்திருக்கேன், ஆனா போறேனா இல்லையான்னு எனக்கே இன்னும் முடிவாகலை. பல்லடத்துல இறங்கி எதிர் பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பினாலும் திரும்பிருவேன். போனேன்னா இந்தக் கவரைச் சபையில எடுத்து வெச்சு, நாலு பெரியவங்க முன்னாடி நாயம் கேட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். ஒருத்தரைக் கேக்காம கொள்ளாம ஒரு கல்யாணத்தை முடிவு பண்ணலாமுங்களா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், இருங்க, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. இப்பத்தான் சிங்காநல்லூர் தாண்டியிருக்குது, தாராபுரம் வரைக்கும் நேரங் கெடக்குது.

என்ற பேரு சென்னியப்பனுங்க. பீளமேட்டுல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருந்தேன். முப்பத்திரெண்டு வருசம். இப்பக் கடையை வாடகைக்கு விட்டுட்டு ஸ்டாம்பு சேக்கறேன். ஸ்டாம்புன்னா எல்லாத்தையும் அள்ளிப் போடறவன் நானில்லைங்க. விமானம் போட்ட ஸ்டாம்பு மட்டும். அதுலயும் ஒரு விசேசத்தை நெனைவு வெச்சு கவர்மெண்டு போடறாங்க பாருங்க, அந்த மாதிரி ஸ்டாம்பு. தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல அலகாபாத்துல இருந்து நைனிக்கு விமானத்துல தபால் கொண்டு போனாங்க. அதுக்கு அம்பது வருசம் ஆனப்ப, அறுபத்தொண்ணுல ஸ்டாம்பு போட்டாங்க. எங்கிட்ட இருக்குது. எங்க கிளப்புல பறவை சேக்கற ஆளு ஒருத்தரு, ரெண்டும் பறக்கறதுதானே சென்னியப்பா, மாத்திக்கலாமாம்பாரு. கொக்கைக் குடுத்துட்டு விமானத்தை வாங்கிக்கறாராம். ஆளைப் பாருங்க.

நான் விமானத்துல ஏறியிருக்கேனான்னா, இல்லைங்க. கடைக்கு மேல தினமும் போகும், அண்ணாந்து பாத்துக்குவேன். எனக்கு அது போதுமுங்க.

இப்ப என்ற தங்கச்சிக்கு வர்றேன். சாந்தாமணின்னு பேரு. என்னைவிட ஒம்பது வயசு இளையவ. எங்கப்பா சீக்கிரம் போயிட்டாரு, நான்தான் அவளை வளத்தேன், நான்தான் கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை தாராபுரத்துக்காரரு, ஏர்ஃபோர்ஸ்ல விமானம் ரிப்பேர் பாக்கறவருன்னு தரகர் சொன்னாரு பாருங்க, அந்த இடத்துலயே சரின்னுட்டேன். அவளைக் கேட்டீங்களான்னா? அவளை எதுக்குங்க கேக்கறது, அவளுக்கு என்ன தெரியும். நல்ல இடமாத்தான் அமைஞ்சுது. ஆக்ரா, ஜாம்நகர், பீதர், அம்பாலா, தேஜ்பூர், ஜோர்ஹாட்னு மாப்பிள்ளைக்கு ஊரு ஊராப் போஸ்டிங். எல்லாம் விமானம் இருக்கற ஊரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

கல்யாணமாகி ரயிலேறறப்ப அவ அழுதுட்டு நிக்கறா. நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன். அம்மிணி, எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊருத் தபாலாபீஸ்ல இருந்து, விமான ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை தெளிவா விழறாப்புல எனக்கு ஒரு கவரு போடு. முத்திரை மட்டும் கலங்கக் கூடாது. சரிண்ணான்னா. அதே மாதிரி போட்டா பாருங்க, இருவத்தி நாலு வருசம். நாப்பத்திமூணு கவரு. விமான ஸ்டாம்பு மேல விமான ஊரு முத்திரை. தமிழ்நாட்டுல வேற ஆருகிட்டயாவது இந்த வரிசை இருந்தா நான் ஸ்டாம்பு சேக்கறதையே விட்டுடறேன்.

கவரை நான் பிரிக்கறதில்லைங்க. எங்க கிளப்புல இதுல ரெண்டு கட்சி. ஒரு கட்சி, தபால்ல வந்த கவரு பிரிச்சாத்தான் நிசமான கவரும்பாங்க. நான் பிரிக்காத கட்சி. ஒட்டினது ஒட்டினபடியே இருக்கோணும். கத்திரி பட்டா அது வெறும் காயிதம். சைடுல நைஸா வெட்டலாமேங்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சைடுல வெட்டினாலும் வெட்டின கவரு வெட்டின கவருதானுங்களே.

உள்ள கடுதாசி இருக்குமேன்னா, இருக்கும். மொதல்ல எல்லாம் எழுதித்தான் போட்டிருக்கா. எனக்குத் தெரியாது. ஒருக்கா அம்பாலாவுல இருக்கறப்ப போன்ல கேக்கறா, ஏண்ணா, எனக்குப் பித்தப்பை ஆபரேசனுன்னு எழுதியிருந்தேனே, நீயும் வரலை, ஒரு வார்த்தையும் கேக்கலை, என்ற மேல ஏதாச்சும் கோவமான்னு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அட அம்மிணி, நான் கவரைப் பிரிக்கறதே இல்லை சாமி, பிரிச்சா மதிப்புப் போயிருமில்ல, இனிமேல் எழுதிச் செரமப்படாதே, உள்ள ஒரு வெறும் அட்டையை வெச்சு ஒட்டிப் போடு, கவரு மடங்காம வரும்னு சொன்னேன். வெறும் அட்டையாண்ணான்னா. அப்புறம், சரிண்ணான்னா. நல்ல புள்ளைங்க. ஒருக்காச் சொன்னாப் புரிஞ்சுக்குவா. அதுக்கப்புறம் வந்த கவரெல்லாம் விறைப்பா, பாக்கவே அம்சமா வந்துச்சு.

ஆபரேசனுக்கு நான் போகாதது தப்புத்தான், ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்சிருந்தாப் போயிருப்பேன். நிச்சயமாப் போயிருப்பேன். நாலு நாளு ரயில்னாலும்.

சூலூர் வந்துருச்சு. இங்கயும் ஏர்ஃபோர்ஸ் இருக்குது. மாப்பிள்ளைக்கு இங்க போஸ்டிங் வாங்கச் சொல்லி அவ எத்தனையோ தடவை அழுதா. நான்தான் வேண்டாம்னேன். சூலூர் முத்திரையை நானே பஸ்ஸேறி வந்து வாங்கிக்குவேன், அதுக்கெதுக்கு மாப்பிள்ளை. அதுவுமில்லாம தேஜ்பூர் அப்ப பாக்கி இருந்துச்சு.

சரி, கேஸுக்கு வர்றேன். அவளுக்கு ஒரே மக. வான்மதி. பேரு நான் வெச்சது. எனக்கு ஒரே மகன், தரணி, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. புரியுதுங்களா? அத்தை மக, மாமன் மகன். முறைன்னா அப்படி ஒரு முறை. வான்மதி தொட்டில்ல கெடக்கறப்பவே சொல்லிட்டேன், இது என்ற வீட்டுக்கு வர்ற புள்ளைன்னு. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தெரியும். தரணிகிட்டப் போன வருசம் சொன்னேன். அப்பா, சும்மா இருங்கப்பா, அவளும் நானும் அண்ணன் தங்கச்சியாட்டப் பழகிட்டோம்னான். வெக்கம். பையனுங்களுக்கும் வெக்கம் இருக்குமுங்க, வெளிய காட்டிக்க மாட்டானுங்க. வான்மதியைக் கேட்டனான்னா, அதைத்தான் அவ அம்மாகிட்டச் சொல்லிட்டேனே.

இப்படி இருக்கறப்ப, இந்த ஆடி மாசம், ஜோர்ஹாட்டுல இருந்து ஒரு கவரு வந்துச்சு. ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அதோட, வாங்கியாச்சுன்னு போட்டவங்களுக்கே திரும்பிப் போற ஒப்புகை அட்டை ஒண்ணு, அதுலயும் கையெழுத்து. முன்பக்கம் பாத்தா சாதா ஸ்டாம்பு. எனக்கு எப்படியோ ஆயிருச்சு. இருவத்தி நாலு வருசத்துல இப்படி ஒரு கவரு அவ போட்டதில்லை. சரின்னு திருப்பிப் பாக்கறேன். எந்திரிச்சு லைட்டைப் போட்டுட்டு வந்து மறுக்காப் பாத்தேனுங்க.

எண்பத்திரெண்டுல விமானப்படைக்கு அம்பது வருசம் ஆனதுக்கு ஒரு ஸ்டாம்பு போட்டாங்க. ஒரு ரூவா ஸ்டாம்பு. தனித்தனியாக் கெடைக்கும், அது ஒண்ணும் பெருசில்லை. ஆனா அஞ்சு ஸ்டாம்பு பிரியாம, ஒரே வரிசையா, அதுவும் ஏர்ஃபோர்ஸ் ஊரு முத்திரையோட வேணும்னு நான் பதினஞ்சு வருசமாத் தேடறேன். சென்னையில தேடியிருக்கேன், பெங்களூர்ல தேடியிருக்கேன். போன்ல அவகிட்டப் புலம்பாத நாளில்லை. அந்த அஞ்சும் அங்க இருக்குது. கவரோட முதுகுல, ஏறக்குறைய இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும். அஞ்சு மேலயும் ஜோர்ஹாட் முத்திரை, தேதி படிக்கறாப்புல, துளி மை பெசகாம.

ஒரே ஒரு கொறை. மடிப்பு இருக்குதில்லீங்களா, கவரை ஒட்டற மூடி, சரியா அது மேலயே ஒட்டிப்புட்டா. அந்த மூடியைத் தெறந்தா அஞ்சு ஸ்டாம்பும் கிழியும். பொம்பளைக எங்க ஒட்டோணும்னு பாத்தா ஒட்டறாங்க? எடம் இருக்கற பக்கம் ஒட்டிப்புட்டா. பரவாயில்லை, நாம என்ன பிரிக்கவா போறோம்னு நானும் சிரிச்சுக்கிட்டே பிளாஸ்டிக் உறையில போட்டு வெச்சுட்டேன். அன்னைக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அம்மிணி, நீ என்ற வயித்துல பாலை வார்த்தேன்னு. அவ, பத்திரமா வெச்சுக்கண்ணான்னா. அவ கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. சளி புடிச்சிருக்கும்னு நெனைச்சேன். அந்த ஊருல மழை சாஸ்தி.

புரட்டாசியில எங்க கிளப்புக் கண்காட்சி. ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குப் பதினாறு தாளு, அதுல ஒட்டி வெக்கோணும். நான் இந்தக் கவரை நடுவுல வெச்சு, முதுகு தெரியறாப்புல நிறுத்தினேன். நடுவரு வெளியூர்க்காரரு, மூக்குக் கண்ணாடிக்கு மேல பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறாரு. பிரிக்கவே இல்லீங்களான்னாரு. இல்லைன்னேன். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசையில்லீங்களான்னாரு. நடுவரு கேக்கற கேள்வியா அது? இருந்தாலும் வெள்ளிப் பதக்கம் குடுத்தாரு. பறவைக்காரருக்கு வெண்கலம்.

என்ற சம்சாரம் துளசிமணியும் வந்திருந்தா. அவ ஒரு நாளும் கண்காட்சிப் பக்கம் வந்தவ இல்லைங்க, இந்தத் தடவை தானா வந்தா. அந்தக் கவரு முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. ஏனுங்க, இதைப் பிரிச்சா மதிப்புப் போயிருமில்லன்னா. ஆமான்னேன். அப்படியே இருக்கட்டுமுங்க, தொடாதீங்கன்னா. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? முப்பது வருசங் கழிச்சு அவளுக்கு ஸ்டாம்பு ருசி வந்துருச்சுன்னு, திரும்பி வர்றப்ப ரவா தோசை வாங்கிக் குடுத்தேன்.

அப்புறம் வீட்டுல பட்டுப்புடவை வந்துச்சு. நான் என்ன கண்டேன். புடவைக்கு நடுவுல வழவழன்னு ஒரு வெள்ளைக் காயிதம் வெப்பாங்க பாருங்க, அது ஆல்பத்துல ஸ்டாம்புக்கு நடுவுல வெக்க அருமையா இருக்கும். அதை உருவிக்கிட்டு வந்துட்டேன். ரெண்டாவது புடவையிலயும் உருவினேன். மூணாவதுலயும் உருவினேன். மூணு பட்டுப்புடவை எதுக்குன்னு எனக்குக் கேக்கத் தோணலை பாருங்க.

போன வெள்ளிக்கெழமை. நான் சாப்புட்டுக்கிட்டு இருக்கேன். துளசிமணி ரசத்தை ஊத்திக்கிட்டே, வேட்டி எட்டு முழம் எடுத்து வெக்கட்டுமா, பட்டுக்கரை எடுத்து வெக்கட்டுமாங்கறா. எதுக்குன்னேன்.

"வர்ற வெசாலக்கெழமை கல்யாணத்துக்குத்தான்."

"யாருக்குக் கல்யாணம்?"

"வான்மதிக்கு. ஏன், உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

எனக்கு ரசம் பொரையேறிப் போச்சுங்க. தண்ணி குடிச்சுட்டு, மாப்பிள்ளை யாருன்னேன். தரணி பேரைச் சொல்லுவான்னு ஒரு நப்பாசை. பிராஞ்சல்னு பேருங்கறா. அசாம் பையனாம். ஜோர்ஹாட்டுக்காரனாம். விமானத்துல வேலையாம். விமானம் ஓட்டறவனான்னு கேட்டேன். ஏங்கேட்டேன்னு எனக்கே தெரியலை, வாயில வந்துருச்சு. இல்லீங்க, கீழ டவர்ல உக்காந்துக்கிட்டு விமானத்துக்கு வழி சொல்றவனுங்கறா. அப்ப ஓட்டறவனும் இல்லை.

என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்ணுனாங்கன்னு கத்தினேன். துளசிமணி அசரலை. கேட்டாளேங்க, கடுதாசி போட்டாளே ஆடி மாசம், ரிஜிஸ்டர் தபால்ல, நீங்கதானே கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க, நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை, மூணு மாசம் பாத்துட்டுத்தானே அவங்க தேதி வெச்சாங்கங்கறா. அவ சொல்றப்ப ரசக் கரண்டி கையில அப்படியே நிக்குது, ஒரு சொட்டுச் சிந்தலை.

உடனே தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவங்க தாராபுரம் வந்து பதினஞ்சு நாளாச்சாம், அதுவே எனக்குத் தெரியலை. ஏன் அம்மிணி இப்படிப் பண்ணுனேன்னேன்.

"நான் எழுதிக் கேட்டேனேண்ணா. ஒப்புகை அட்டை கூட வந்துச்சு. நீ கையெழுத்துப் போட்டிருக்கே."

"நான்தான் பிரிக்க மாட்டேன்ல."

"கல்யாண விசயம்ணா. வேற எப்படிக் கேக்கறது? நேர்ல கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?"

போனை வெச்சுட்டேன். அன்னையில இருந்து பேசலை. துளசிமணி நேத்தே வண்டியேறிப் போயிட்டா. தரணியும் நேரா அங்க வந்துட்டானாம், பந்தல் வேலையெல்லாம் அவன்தான் பாக்கறானாம். கட்டிக்கப் போற புள்ளை கைவிட்டுப் போகுது, இவன் மைக் செட்டுக்காரன்கூட நின்னுக்கிட்டு இருக்கான். வெக்கம்னா இவ்வளவு வெக்கம் ஆகாதுங்க.

துளசிமணி போறதுக்கு முன்னாடி சொன்னா, நம்பிக்கை இல்லைன்னா கவரைப் பிரிச்சுப் பாருங்க, அவ கேட்டிருக்காளா இல்லையான்னு தெரிஞ்சுரும்னு. எப்படிங்க பிரிக்கறது? அஞ்சு ஸ்டாம்பு கிழியுமே. வெள்ளிப் பதக்கம் வாங்கின கவரு. டார்ச் அடிச்சுப் பாத்தேன், உள்ள அட்டை வேற வெச்சிருக்கா, ஒண்ணும் தெரியலை. அப்பத்தான் எனக்கு இந்த ரோசனை வந்துச்சு. பிரிக்காததுதானே என்ற பக்கத்துச் சாட்சி? ஒட்டின கவரை அப்படியே சபையில வெக்கறேன். பாருங்கய்யா, இது பிரிச்ச கவரா? பிரிக்காத கடுதாசியில கேட்டது கேட்டதாகுமா? காதுல விழாத பேச்சுக்குப் பதில் சொல்லலைன்னு ஒரு மனுசனைக் குத்தஞ் சொல்ல முடியுமா? இதுக்கு எவனாவது பதில் சொல்லட்டும் பாக்கலாம். எப்படிங்க இருக்குது பாயிண்டு?

என்னங்க சிரிக்கறீங்க.

என்ன கேட்டீங்க? சத்தத்துல சரியாக் கேக்கலை. நான் பிரிக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியுமான்னா? தெரியாம என்னங்க, நான்தானே சொல்லிக் குடுத்தேன், இப்பத்தானே உங்களுக்குச் சொன்னேன், அம்பாலாவுல இருக்கறப்ப.

அப்ப வேணும்னே பண்ணியிருப்பாளோன்னு கேக்கறீங்க.

சேச்சே. அவ அப்படிப்பட்டவ இல்லைங்க. சூதுவாது தெரியாத புள்ளை. மூடி மேல ஒட்டினது அவளுக்கு எடம் தெரியாம. ரிஜிஸ்டர் பண்ணினது பத்திரமா வரோணும்னு. ஒப்புகை அட்டை வெச்சது.

ஒப்புகை அட்டை வெச்சது எதுக்குங்க? நாப்பத்தி ரெண்டு கவருக்கு வெக்கலையே.

இருங்க, நான் சித்த ரோசிக்கோணும்.

பதினஞ்சு வருசமா எனக்குக் கெடைக்காத ஸ்டாம்பு. அவ எங்கயோ தேடிப் புடிச்சு, சரியா மூடி மேல ஒட்டியிருக்கா. துளசிமணி வந்து கவரைத் தொடாதீங்கங்கறா. ரவா தோசை வேற வாங்கிக் குடுத்தேன். அட கடவுளே. அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்காங்க. நானும் பெட்டியைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு வர்றேன் பாருங்க, ஊர்வலமாட்டம்.

பல்லடமுங்களா? நிக்கட்டும். ஏறறவங்க ஏறட்டும், நான் இப்ப இறங்கற மாதிரி இல்லைங்க. இப்ப ஒண்ணு தோணுது. நான் பிரிக்க மாட்டேன்னு அவளுக்கு நிச்சயமாத் தெரியும்னா, உள்ள கடுதாசி எதுக்கு எழுதறா? எழுதியிருக்கவே மாட்டா. வெறும் அட்டைதான் இருக்கும். வெறும் அட்டையை வெச்சு ஒட்டிட்டு, எழுதிக் கேட்டேண்ணாங்கறா. அப்படி மட்டும் இருந்துச்சுன்னா, அவளே சபையில தலை குனியோணும். என்ற தங்கச்சின்னும் பாக்க மாட்டேன்.

இந்தப் பெட்டியைச் சித்தப் புடிங்க. கெட்டியாப் புடிங்க. பிரிக்கத்தான் போறேன். ஆமாங்க, பதக்கம்தான், தெரியுது. சைடுல மெதுவாக் கிழிச்சா ஸ்டாம்புக்கு ஒண்ணும் ஆகாது, ஓரத்துல கொஞ்சம் எடம் விட்டிருக்கா. கத்திரி இருக்குதுங்களா? இருக்கட்டும், வெரலே போதும்.

போச்சு. இந்த டிரைவரு எடுக்கறப்பவே இப்படியா குலுக்குவாரு. அஞ்சாவது ஸ்டாம்பு போச்சுங்க, பாதியா. பாருங்க, ரெக்கை இங்க, ஒடம்பு அங்க.

அட்டை இருக்குது. அட்டைக்குப் பின்னால காயிதமும் இருக்குது. எழுதியிருக்கா. கண்ணாடி எங்க வெச்சேன். இருங்க, படிக்கறேன், நீங்களும் கேளுங்க, சாட்சிக்கு ஆள் வேணும்.

"அன்புள்ள அண்ணாவுக்கு, சாந்தாமணி எழுதுவது. இதை நீ பிரிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்."

கேட்டீங்களா. தெரிந்துதானாம்.

"வான்மதி ஒரு பையனை விரும்புகிறாள். அசாம் பையன். நல்ல பையன், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். நேரில் கேட்டால் நீ வேண்டாம் என்பாய். உன் பேச்சை மீறுகிற தைரியம் எனக்கு எந்த நாளும் இருந்ததில்லை. உன்னைக் கேட்காமல் செய்யவும் மனசு வரவில்லை. நீதான் என்னை வளர்த்தாய். அதனால் இப்படிக் கேட்கிறேன். இந்த ஸ்டாம்பை எட்டு மாதம் தேடி வாங்கினேன். இது ஒட்டியிருந்தால் நீ தொடவே மாட்டாய்."

தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க.

"ஒரு வேளை நீ பிரித்துவிட்டால், இந்த ஸ்டாம்பை விட நான்தான் உனக்குப் பெரிசு என்று தெரிந்துகொள்வேன். அது தெரிந்த பிறகு உன் மனசு நோக நான் எதுவும் செய்ய மாட்டேன். நீ வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல், நிறுத்திவிடுகிறேன். என்றைக்குச் சொன்னாலும் சரி. பொண்ணு மேடைக்கு வந்திருந்தாலும் சரி. உன் தங்கச்சி."

அவ்வளவுதானுங்க. பின்பக்கம் ஒண்ணும் இல்லை.

இல்லீங்க, ஒண்ணும் இல்லை, ஜன்னல் காத்து கண்ணுல படுது. ஜன்னல் சாத்தித்தான் இருக்குதுங்களா. சரி, அழுகறேன்னே வெச்சுக்கங்க. ஆடி மாசம் வந்த கடுதாசிங்க இது. அம்பாலாவுக்கு முன்னாடி போட்டதுலயும் எழுதித்தான் போட்டிருக்கா, அதெல்லாம் வீட்டு பீரோல இருக்குது. புதுசாக் கல்யாணம் ஆகி, பாஷை தெரியாத ஊருல ஒத்தையா உக்காந்துக்கிட்டு எனக்கு என்ன எழுதினாளோ. நான் முத்திரை தெளிவா இருக்கான்னு பாத்துட்டு உறையில போட்டுட்டேன். நானெல்லாம் என்ன அண்ணனுங்க.

நாயமாப் பாத்தா இப்ப நான் வேண்டாம்னு சொன்னா அவ நிறுத்தோணும். அவளே எழுதிக் குடுத்திருக்கா. சொன்னா நிறுத்துவா, எனக்குத் தெரியும். சொன்ன சொல்லு மாற மாட்டா. நாப்பத்திமூணு கவரு போட்டவ.

சித்த இருங்க, போன் போடறேன். பெட்டியா? அதைக் கீழ வெச்சுருங்க. பரவாயில்லை, கால்ல பட்டாப் படட்டும்.

அலோ. அம்மிணி, நான்தான். பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கேன். பல்லடம் தாண்டியாச்சு. அம்மிணி, அந்தக் கவரைப் பிரிச்சுட்டேன்.

கல்யாண வீடு பாருங்க. மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. அம்மிணி, இருக்கறயா?

ஆமா, படிச்சேன். முழுசாப் படிச்சேன். ஒரு ஸ்டாம்பு கிழிஞ்சு போச்சு, அதை விடு. நீ எதுக்கு இப்ப அழுகறே, கல்யாண வீட்டுல. நான் என்ன சொல்லப் போறேன்னா கேக்கறே? எங்கிட்டக் கேக்காதே. போனை வான்மதிகிட்டக் குடு. குடு சொல்றேன், திட்ட மாட்டேன். கண்ணு, மாமா பேசறேன். அந்தப் பையனை உனக்குப் புடிச்சிருக்குதா? எனக்காகச் சொல்ல வேண்டாம், நெசத்தைச் சொல்லு. அவ்வளவு புடிச்சிருக்குதா. சரி, அம்மாகிட்டக் குடு.

அம்மிணி, மூக்கைத் தொடைச்சுட்டுக் கேளு. மாமன் சீரு எத்தனை மணிக்கு?

இன்னைக்குச் சாயந்தரம் ஆறரைக்காமுங்க. ஏனுங்க, இந்த பஸ்ஸு அதுக்குள்ள தாராபுரம் போயிருமுங்களா?